பதினாலாம் நம்பர் கேள்வி

கஸ்தூரியை எத்திராஜ் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் பக்கத்துக் கட்டில்காரியோடு ஃபேனுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய சண்டை என்று சொல்ல முடியாது. காற்று ரெண்டு பேருக்கும் பொதுவாக வரட்டும், நீ உன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டால் எப்படி என்கிற அளவில்தான். குடல்வால் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். தையல் இழுக்கிறது என்று ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் இருந்த, பாலில் நனைத்த ரொட்டித் துண்டை ஆட்டி ஆட்டிப் பேசினாள். ஒரு சொட்டுப் பால் விரிப்பில் விழுந்தது, அதை அவர் கட்டைவிரலால் துடைத்தார். திங்கட்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து, "மானம் கறுத்துனு கீது, உன் கோடு இன்னிக்கு நிக்காது" என்றாள். "நிக்கும்" என்றார்; அன்றைக்கு ஃபைனல், ஃபுட்பால் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போடுவது அவர் வேலை. "நீ போ, இங்க இன்னா கீது, சம்பத்து வந்துருவான்" என்றாள். அவ்வளவுதான். காலை பத்து மணி இருக்கும். வார்டு வாசலில் அவர் திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்பது இந்த இருபத்தாறு வருஷத்தில் ஓரிடத்தில் நிற்கவில்லை. சில வருஷங்கள் அவர் திரும்பிப் பார்த்தார், அவள் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே கையை ஆட்டிப் போ போ என்றாள். சில வருஷங்கள் அவர் திரும்பவே இல்லை, படியில் இறங்கும்போதே சுண்ணாம்பு மூட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடினோமா என்ற யோசனைக்குப் போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதும், இந்தக் கல்யாண மண்டபத்தில் ஏழாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, ஏ.சி.யின் சில்லிப்பு முழங்காலில் இறங்க இறங்க, அந்த வாசலை மறுபடி மறுபடி கடந்து பார்க்கிறார். கழுத்து திரும்பவே மாட்டேன் என்கிறது.

"டோக்கன் நம்பர் ஒன்பது" என்று மேடையில் இருந்த பெண் மைக்கில் சொன்னாள். அவர் கையில் இருந்தது பதினாலு. ஒரு ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரு நிமிஷம், எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் கேட்க வேண்டும், பதிலுக்கு மேல் எதிர்க்கேள்வி கிடையாது என்று வாசலிலேயே ஒரு பையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் கொடுத்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மொத்தம் முப்பது டோக்கன். யூனியன் ஃபுட்பால் கிளப்பை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது, டீமை மேற்கே நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு புது ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோகப் போகிறது. இதைக் கேட்டு ஜனங்கள் கிளப்பின் டிப்போ கிரவுண்டு வாசலில் மூன்று நாள் கூடி நின்றதும், ரசிகர் சந்திப்பு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து மண்டபம் பிடித்துவிட்டார்கள். ஒன்பதாம் நம்பர் ஆள் பச்சைச் சட்டை போட்டிருந்தான், ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிற கை, மைக்கைப் பிடிக்கும்போது விரல் இடுக்கில் கரி தெரிந்தது. "டீம் போவுதுன்றத நாங்க பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சிக்கணுமா சார், எங்க அப்பாவுக்கு நான் இன்னும் சொல்லல, சொன்னா படுத்துடுவாரு" என்றான். கம்பெனிக்காரர், வெள்ளைவெளேர் என்று ஷூ போட்ட நாற்பது வயசு மனிதர், டீம் எங்கேயும் போகவில்லை, டீம் வளர்கிறது என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த டில்லிபாபு எத்திராஜின் காதருகே குனிந்து, "வளந்து வளந்து நானூறு கிலோமீட்டர் பூட்டுதாம்ணா" என்றான். டில்லிக்கு ஆட்டோ ஓட்டும் தொழில், ஐம்பது வயசு, வடக்குப் பக்கத்து கேலரியில் இருபது வருஷமாக மேளம் அடிப்பவன். அவனுக்குப் பதினைந்தாம் நம்பர். "நீ இன்னாண்ணா எழுதிக் குட்த்த" என்று கேட்டான். "கிரவுண்ட இன்னா பண்ணப் போறாங்கன்னு" என்றார். அதுதான் சீட்டில் இருந்தது. அப்படி எழுதினால்தான் அந்தப் பெண் டோக்கன் கொடுப்பாள். அவர் கேட்கப் போவது அது இல்லை.

மேடை நடுவில் ஞானசிகாமணி உட்கார்ந்திருந்தான். இப்போது தலைவர். புதுக் கம்பெனியிலும் ஏதோ ஆலோசகர் பதவி தரப்போகிறார்களாம். எத்திராஜுக்கு அவன் எப்போதும் செகரட்டரிதான், மூங்கில் தட்டி அடைத்த கிளப் ஆபீசில் கறுப்பு டெலிபோனுக்குப் பக்கத்தில் நீள நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற ஒல்லிப் பையன், அண்ணா அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். ஏரியாவில் பாதிப் பேருக்கு அந்த போன்தான் போன். யார் யாருக்கோ எங்கெங்கிருந்தோ வரும். ஊரிலிருந்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, துறைமுகத்தில் ஷிப்ட் மாறியிருக்கிறது, பெண் பார்க்க வருகிறவர்கள் வியாழக்கிழமை வருகிறார்கள். எல்லாவற்றையும் ஞானசிகாமணி எழுதுவான். இடது பக்கம் போன் வந்த மணி, நடுவில் விஷயம், வலது பக்கம் ஆளிடம் சொல்லிய மணி, அதற்குப் பக்கத்தில் ஒரு டிக். சொல்லாமல் விட்டான் என்று யாரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு கறார். ஏரியா முழுக்க அவனை நம்பியதே அந்த நோட்டுக்காகத்தான். போன செவ்வாய்க்கிழமை ஆபீசைக் காலி செய்கிறார்கள் என்று எத்திராஜும் போய்ச் சாமான் தூக்கினார். பீரோவின் மேல்தட்டில் அந்த நோட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. பழைய பேப்பர்காரனிடம் போடச் சொன்னார்கள். ஒரு கட்டின் கயிறு அறுந்து விழுந்ததில் அந்த வருஷத்து நோட்டு அவர் காலடியில்தான் கிடந்தது. ஃபைனல் நடந்த சனிக்கிழமையை அவர் தேடிப் புரட்டவில்லை. இல்லை, புரட்டினார். அந்த நாளில் எத்தனை பேர் வாழ்த்துச் சொல்லி போன் பண்ணினார்கள் என்று பார்க்கத்தான் புரட்டினார். 3.05. பெரியாஸ்பத்திரி பூத்திலிருந்து சம்பத். எத்திராஜ் அண்ணன் உடனே வரணும். ரொம்ப அவசரம். வலது பக்கம் 5.40. டிக்.

ஒரு ஆள் பொய் சொல்ல நினைத்தால் நோட்டில் பொய்யை எழுதுவான், அல்லது ஒன்றுமே எழுதாமல் விடுவான். இவன் இரண்டையும் செய்யவில்லை. வந்த நேரத்தையும் சொன்ன நேரத்தையும் சரியாக எழுதி டிக் போட்டு, பீரோவில் அடுக்கி, இருபத்தாறு வருஷம் அதற்குக் கீழேயே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். இதைத்தான் எத்திராஜால் விழுங்க முடியவில்லை. அந்தப் பேனா மையின் நீலம்கூட மங்கவில்லை. மூன்று ஐந்துக்கும் ஐந்து நாற்பதுக்கும் நடுவில் ஒரு ஸ்கேல் வைத்த மாதிரி இடைவெளி. கஸ்தூரியின் இறப்புச் சீட்டில், ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்து, நாலு பத்து என்று இருந்தது. கிரவுண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் இருபது நிமிஷம், மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் இருபத்தைந்து. மூன்றரைக்குப் போயிருக்கலாம். நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷத்தில் என்ன பேசியிருப்பார் என்று நினைத்தால் ஒன்றும் வரவில்லை. அவர்களுக்குள் ஒரேயடியாக நாற்பது நிமிஷம் பேசிய வழக்கமே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார். அதுவும் நிச்சயமில்லை, கை முழுக்கச் சுண்ணாம்பாக இருந்திருக்கும்.

பத்தாம் நம்பர் ஆள் லெஃப்ட் பேக்கை ஏன் விற்றீர்கள் என்று கேட்டு ஏதோ பதில் வந்தது. பதினொன்று ஒரு அம்மா, போலீஸ் குடியிருப்பில் இருந்து வருகிறவள், கேலரியில் பொம்பளைங்களுக்குப் பாத்ரூம் கேட்டு எட்டு வருஷம் ஆச்சு, இப்ப டீமே இல்லன்றீங்க, நாங்க அடக்கிக்கினு உக்காந்து பார்த்ததுக்கு இன்னா மரியாதை என்றாள். மண்டபம் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. ஞானசிகாமணி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டான். இன்னும் எழுதுகிறான். எல்லோருடைய கேள்வியையும் எழுதுகிறான், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதே சாய்ந்த எழுத்தாகத்தான் இருக்கும். எத்திராஜ் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திறந்தார், திருகி மூடினார். மழை. அன்றைக்கு ஒரு மணிக்குப் பிடித்த மழை இரண்டே காலுக்குத்தான் விட்டது. கோடு மொத்தமும் கரைந்து, கோல் முன்னால் பால் கொட்டின மாதிரி வெள்ளைக் குட்டை. மேட்ச் கமிஷனர் கையில் குடையோடு நின்று, சொந்த கிரவுண்டு உங்களுடையது, நாலு மணிக்குக் கோடு இல்லை என்றால் ஆட்டத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். எழுபது வருஷத்துக் கிளப், முதல் ஃபைனல். எத்திராஜ் மரத்தூளும் சுண்ணாம்புத் தூளும் கலந்து, ஓட்டை போட்ட டின்னோடு இறங்கினார். அவரிடம் ஒரு கயிறு இருந்தது. அதில் முடிச்சுகள் இருந்தன, ஆறு கஜத்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு, பதினெட்டுக்கு. எது எந்த முடிச்சு என்று எந்த அடையாளமும் இல்லை, நடுவில் வேண்டுமென்றே நாலைந்து வெறும் முடிச்சுகளும் போட்டு வைத்திருந்தார். அவர் விரலுக்கு மட்டும்தான் தெரியும். ஞானசிகாமணி ஒரு தடவை அந்தக் கயிற்றைக் கையில் எடுத்து, "எனக்கும் சொல்லிக் குடுண்ணா, உனக்கு ஒரு நாள் முடியலன்னா நான் போடறேன்" என்று எண்ண ஆரம்பித்தான். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிச் சுருட்டி வைத்துவிட்டார். கஸ்தூரிகூடக் கேட்டாள், ஒருத்தருக்காவது காட்டி வெச்சா இன்னா, நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தா. எனக்குக் காய்ச்சல் வராது என்றார். வரவில்லைதான்.

மூன்று ஐந்துக்கு அவர் எங்கே இருந்தார். இதைத்தான் ஐந்து நாளாகக் கணக்குப் போடுகிறார். இரண்டரைக்கு ஆரம்பித்தால் பக்கவாட்டுக் கோடுகள் இரண்டும் இருபது நிமிஷம், நடுக்கோடு, நடு வட்டம், மூன்று மணிக்கு மேல் வடக்குக் கோல். ஆமாம், வடக்குக் கோல் முன்னால் முட்டி போட்டிருந்தார். அப்போதுதான் ஒரு கால் வந்து நின்றது. பேன்ட் முழங்கால் வரை மடித்து, சேற்றில் செருப்பில்லாமல். ஞானசிகாமணி. கையில் டீ கிளாஸ். அவன் ஒருவருக்கும் டீ கொண்டு வந்து கொடுக்கிற ஆள் இல்லை, ஆபீசை விட்டு இறங்கவே மாட்டான், போன் வந்தால் யார் எடுப்பது என்பான். "எவ்ளோ நேரம்ணா ஆவும்" என்று கேட்டான். "அர மணி, முக்கா மணி, பேசாம போ" என்றார். அவன் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றான். "டீ ஆறிடும்ணா" என்றான். அவர் ஒரு மடக்கில் குடித்துக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக இருந்தது. அந்த இனிப்பு இப்போது நாக்கில் ஏறுகிறது. பிஸ்கட்டோ தண்ணீரோ எதைப் போட்டாலும் போகாமல் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஏறுகிறது. இருபத்தாறு வருஷமாக அதை ஒரு தம்பியின் அன்பு என்று வைத்திருந்தார். யாராவது ஞானசிகாமணியைப் பற்றித் தப்பாகப் பேசினால், டேய், மழைல சேத்துல எறங்கி எனக்கு டீ கொண்டாந்தவன்டா என்பார். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். அவன் முகத்தைப் பார்த்தாரா. கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது நிமிர்ந்துதானே கொடுத்திருக்க வேண்டும். முகத்தில் ஏதாவது இருந்ததா. இருந்ததைப் பார்த்துவிட்டு, இப்போது வேண்டாம், கோடு முடியட்டும் என்று அவரே குனிந்துகொண்டாரா. இல்லை. அப்படி இல்லை. அவர் குனிந்தே இருந்தார், கிளாஸ் மட்டும் மேலே போனது. அப்படித்தான். அப்படி இல்லாமல் இருந்தால் அதை அவன் இன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவான், நான் வந்து நின்னேனேண்ணா, நீ மூஞ்சப் பார்த்துட்டுத்தானே போன்னு சொன்னே என்று. இந்த பயம் ஒன்றுதான் எழுந்து போய்விடலாமா என்று முழங்காலைத் தட்டுகிறது.

"டோக்கன் பன்னிரண்டு" என்று மூன்று தடவை கூப்பிட்டாள், ஆள் இல்லை. ஒரு நம்பர் சட்டென்று குறைந்துவிட்டது. டில்லி, "கோவத்துல பூட்டானாட்டம் கீது" என்றான். போவதென்றால் இப்போதே போய்விடலாம். கதவு பத்தடி தூரம். ஆனால் சம்பத்தை என்ன செய்வது. சம்பத் கஸ்தூரிக்கு அண்ணன், ரயில்வேயில் பெயின்டர், வாய் அதிகம் இல்லாதவன். ஆறு மணிக்கு மேல் எத்திராஜ் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான், தலையைத் தூக்கவில்லை. பதினாறாம் நாள் கருமாதியில், பந்தலில் நாற்பது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் வாயைத் திறந்தான். "மூணு மணிக்கு போன் போட்டேன், மாப்ள. கைய காமிச்சு கஸ்தூரி மூணு தடவ கேட்டா, உன்னத்தான். ஆட்டம் பார்த்துட்டு வந்துக்குறே." எத்திராஜ் எழுந்து நின்று, "நீ போன் போடல. போட்டா கிளப்புல எழுதி வெச்சிருப்பான். ஆட்டம் முடியற நேரத்துக்கு எவனோ ஆஸ்பத்திரி ஆள் போட்ட போன்தான் வந்துச்சு. நீ உன் பொறுப்புலேருந்து தப்பிக்கப் பொய் சொல்றே" என்றார். ஞானசிகாமணியும் பந்தியில் உட்கார்ந்திருந்தான். நாலாவது இலை. எத்திராஜ் அவனைப் பார்த்து, "சொல்லேன்டா" என்றார். அவன், "அஞ்சு நாப்பதுக்குத்தான்ணா சொன்னேன்" என்றான். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. செவ்வாய்க்கிழமைதான் அது அவருக்கு விளங்கியது. வந்தது என்று அவன் சொல்லவில்லை, சொன்னேன் என்றுதான் சொன்னான். சம்பத் இலையை மடித்துவிட்டு எழுந்து போனான். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் ஒரே மார்க்கெட்டில் காய் வாங்கினார்கள், ஒரே ரேஷன் கடை வரிசையில் நின்றார்கள், ஒரு வார்த்தை கிடையாது. சொந்தக்காரர்கள் நடுவில் அவன் பொய்க்காரன் ஆனான். தங்கச்சி சாகக் கிடக்கும்போது பூத்துக்குக்கூடப் போகாதவன். அவன் பெண் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் காதுவரைக்கும் அது போயிற்றாம். நாலு வருஷத்துக்கு முன்னால் சம்பத் போய்விட்டான். எத்திராஜ் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார், பொய்க்காரன் பிணத்துக்கு நான் ஏன் மாலை போட வேண்டும் என்று. மாலை கையில் இருந்தது. அதைப் பஸ் ஸ்டாப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு வந்தார்.

நாற்பது பேர் முன்னால் சொன்னதை நாற்பது பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். அந்த நாற்பதில் பத்துப் பன்னிரண்டு பேராவது இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், மூன்றாவது வரிசையில் சம்பத்தின் மருமகன் உட்கார்ந்திருப்பதை உள்ளே வரும்போதே பார்த்தார். அந்த போன் வந்தது என்று சொல்ல உயிரோடு இருக்கிற ஒரே வாய் மேடை நடுவில் இருக்கிறது. நோட்டைக் காட்டலாம்தான். நோட்டு வீட்டில் இருக்கிறது. ஆனால் நோட்டு பேசாது. எவனும் எதையும் எழுதலாம் என்பார்கள். வாயால் சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் நம்பர் கல்லூரியில் படிக்கிற பெண் எழுந்து ஜெர்சி நிறத்தை மாற்றப் போகிறீர்களாமே, அந்த நீலமும் மஞ்சளும் யாரைக் கேட்டு மாற்றுகிறீர்கள் என்றாள். கம்பெனிக்காரர் டிவியில் மஞ்சள் சரியாக விழவில்லை என்று ஒரு ஆராய்ச்சி சொல்வதாகச் சொன்னார். "ஆராய்ச்சிக்கு மஞ்சக்காமாலையா கேளுண்ணா" என்றான் டில்லி, கொஞ்சம் சத்தமாகவே. நாலைந்து வரிசை சிரித்தது. எத்திராஜும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நம்பர் வந்துவிட்டது.

"டோக்கன் பதினாலு. திரு. எத்திராஜ் அவர்கள். கேள்வி, டிப்போ கிரவுண்டை இனிமேல் என்ன செய்யப் போகிறீர்கள்." அவர் நாற்காலி முதுகைப் பிடித்து எழுந்திருப்பதற்குள் ஞானசிகாமணி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இவருக்கு நான்தான் பதில் சொல்லணும். இவர் யாருன்னு இங்க சின்னப் பசங்களுக்குத் தெரியாது. நம்ம கிளப் ஃபைனல் ஜெயிச்ச அன்னிக்கு மழைல கரைஞ்ச கிரவுண்ட ஒத்த ஆளா ஒன்றரை மணி நேரத்துல கோடு போட்டு நிறுத்துனவரு. வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரில இருக்கறப்போ. அன்னிக்கே அவங்க தவறிட்டாங்க. இப்பேர்ப்பட்டவங்க போட்ட அஸ்திவாரம் இது" என்றான். மண்டபம் கை தட்டியது. டில்லி தட்டினான். கம்பெனிக்காரர் எழுந்து நின்றே தட்டினார். எத்திராஜ் அது முடியும்வரை காத்திருந்தார். ஒரு ஆள் தன் பெண்டாட்டி செத்ததற்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், அந்த ஃபைனல் ஜெயித்ததன் வெள்ளி விழாவில் ஒரு தடவை சால்வையோடு நின்றிருக்கிறார். அப்போது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. யாரோ மைக்கைக் கையில் திணித்தார்கள். அது கனமாக இருந்தது.

"நான் எழுதிக் குட்த்தது இதுதான். ஆனா கேக்கறது வேற" என்றார். அந்தப் பெண், "சார், சீட்டுல இருக்கற கேள்வி மட்டும்தான்" என்றாள். ஞானசிகாமணி கையை உயர்த்தி, "பரவாயில்லம்மா, அண்ணன் கேக்கட்டும்" என்றான். முகம் மலர்ந்துதான் இருந்தது. எத்திராஜ் ஐந்து நாளாக மனசுக்குள் கூட்டிக் கழித்து வைத்திருந்த பெரிய பேச்சு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நாக்கில் இனிப்பு மட்டும் இருந்தது. "அன்னிக்கு மூணு அஞ்சுக்கு என் மச்சான் சம்பத்து ஆபீசுக்கு போன் பண்ணான். உன் நோட்டுல உன் கையெழுத்துல கீது. அஞ்சு நாப்பதுக்கு என்கிட்ட சொன்னே. ஏன் சொல்லல?" என்றார். ஸ்பீக்கர் அவர் குரலைச் சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு தலை திரும்பியது. கம்பெனிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் என்ன என்று கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றினான், துடைக்கவில்லை, மடித்து வைத்தான். "அண்ணா, இத நாம ஆபீஸ்ல உக்காந்து பேசிக்கலாம்ணா" என்றான். "ஆபீஸத்தான் காலி பண்ணிட்டீங்களே" என்றார் எத்திராஜ். பின்னால் ஒருவன் சிரித்துவிட்டு நிறுத்தினான்.

ஒரு நிமிஷம் என்று போட்டிருந்த மணி அடித்தது, அந்தப் பெண் அவசரமாக அதை அமுக்கினாள். எத்திராஜுக்கு இப்போது அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. அந்த முகத்தை டீ கிளாஸுக்கு மேலே வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை, பொருந்தியது, மறுபடி நழுவியது. அவன் பொய் சொல்லிவிடுவான் என்று ஒரு நொடி வேண்டிக்கொண்டார். பொய் சொன்னால் எல்லாம் சுலபம், வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஞானசிகாமணி மைக்கை விட்டு விலகி, அவருக்கு மட்டும் சொல்வதுபோல, "போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். சம்பத்து அழுதுக்கினேதான் பேசுனாரு" என்றான். மைக் அதை விடவில்லை, எல்லோருக்கும் கேட்டது. அப்புறம், "கோடு போட வேற ஆள் இல்லண்ணா" என்றான்.

எத்திராஜ் மைக்கைப் பிடித்தபடியே நின்றார். அது உண்மை. வேறு ஆள் இல்லை. அவர் வைத்துக்கொள்ளவில்லை. விரல்கள் தாமாகவே மைக்கின் தண்டில் எதையோ தேடித் தடவின, முடிச்சு இருக்கிற இடத்தை. சம்பத் அழுதுகொண்டே பேசினான் என்பதை அவர் யோசித்ததே இல்லை. நோட்டில் அது இல்லை. அப்புறம் ஒன்று தட்டுப்பட்டது, பெரிய கல் மாதிரி, இத்தனை நாளாக எப்படி அதைத் தாண்டித் தாண்டி நடந்தார் என்று தெரியவில்லை. கோடு ஐந்து நாற்பது வரை போடவில்லை. "கோடு மூணு அம்பதுக்கு முடிஞ்சிருச்சே, ஞானம். அப்புறம்?" என்றார். "சார், ஒரு கேள்விதான் சார், ப்ளீஸ்" என்று அந்தப் பெண் கிட்டத்தட்டக் கெஞ்சினாள், யாரோ மைக்கை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்தார்கள். ஞானசிகாமணியின் வாய் திறந்தது. கம்பெனிக்காரர் அவன் முழங்கை மேல் கையை வைத்தார், அது மூடிக்கொண்டது. எத்திராஜ் உட்கார்ந்தார். மூன்றாவது வரிசையில் திரும்பிய தலை இன்னும் திரும்பியபடியே இருந்தது, சம்பத்தின் மருமகன், கோபமா வேறு ஏதாவதா என்று இவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. அவர் அவனுக்கு ஒரு தடவை தலையசைத்தார். அவன் அசைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"டோக்கன் பதினைந்து" என்றாள் அந்தப் பெண். டில்லிபாபு எழுந்திருக்கவில்லை. எத்திராஜைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான், கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். "போ, கேளு" என்றார் எத்திராஜ். அவன் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, புது ஸ்டேடியத்துக்கு இங்கிருந்து மேட்ச் அன்றைக்குப் பஸ் விடுவீர்களா என்று கேட்டான். சீட்டுக்குள் குனிந்தே பேசியதில் பாதிக் கேள்வி கேட்கவில்லை, மறுபடி கேட்கச் சொன்னார்கள், மறுபடி கேட்டான். கம்பெனிக்காரர் பரிசீலிக்கிறோம் என்றார். ஞானசிகாமணி அதை எழுதிக்கொள்ளவில்லை. இன்னும் பதினைந்து பேர் கேட்க வேண்டியிருந்தது.